பன்னிரண்டாவது தொட்டி

செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்தபடியே பால்கனிக்கு வந்த பிளம்பர், மனைவி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு செடியின் அடித்தண்டை விரலால் அழுத்திப் பார்ப்பதைக் கண்டார். விரல் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. சனிக்கிழமை பல் டாக்டரம்மாவின் கிளினிக் ஜன்னலுக்குப் பன்னிரண்டு செடிகள் கொடுத்தாக வேண்டும். இலையெல்லாம் கொழுகொழுவென்றிருக்கும் இந்த சக்குலன்ட் செடிகளை அவள் மூன்று வருடமாக ஆசைக்குத்தான் வளர்த்தாள். வெளியாள் ஒருவர் வாய்விட்டுக் கேட்டது இதுவே முதல் தடவை.

"தண்ணி நெறைய ஊத்திட்டியா?" என்றார் நுரை வாயோடு.

"பத்து நாள்ல ரெண்டே தடவ. தொட்டிக்கு அடியில வெச்ச தட்டு காய்ஞ்சே கெடந்துச்சு. மண்ணு நல்லா குடிக்குதுன்னு சந்தோஷப்பட்டேன்."

சொல்லிக்கொண்டே தொட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தாள். துளை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு வில்லை. பிளம்பருக்கு நுரை தொண்டைக்குள் போய்விட்டது.

நீலப் பளபளப்போடு இருந்த அந்தப் பீங்கான் தொட்டிகளைத் தேடிப் பிடித்து வாங்கி வந்ததே அவர்தான். செடி வளர இடம் வேண்டுமே என்று ஒவ்வொன்றும் சாப்பாட்டுக் குண்டான் அளவுக்கு. அவள் செடிகளை நட்டுவிட்டுக் கடைக்குப் போன நேரத்தில் அடியைத் தடவிப் பார்த்தார், ஓட்டை. இருபத்தெட்டு வருடமாக ஒழுகலை நிறுத்தியே சோறு தின்கிற மனுஷனுக்கு மனசு கேட்குமா? கிளினிக் ஜன்னலில் தண்ணீர் வழிந்தால் பெண்டாட்டிக்கல்லவா கெட்ட பேர் என்று, குழாய் விரிசலுக்குப் போடும் பசையால் பன்னிரண்டையும் அடைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டார். வேலை அத்தனை சுத்தம். அவளிடம் சொல்லத்தான் மறந்துபோனார்.

"டிரில் போட்டு எடுத்துடறேன்" என்று அவசரமாகக் கிளம்பினார். முதல் தொட்டி இரண்டாகப் பிளந்தது.

அவள் அழுகிய செடியிலிருந்து ஒரே ஒரு நல்ல இலையைக் கிள்ளிப் பழைய பேப்பரில் வைத்தாள். "இந்தத் தொட்டி ஆகாதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். ஆசையா வாங்கிட்டு வந்தீங்களேன்னு வாய மூடிக்கிட்டேன். கெளம்புங்க, வேற தொட்டி பாக்கலாம்."

தொட்டிக்கடையில் அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். அவள் பளபளப்புப் பக்கமே போகாமல் பூச்சில்லாத சின்ன மண்தொட்டிகளாக எடுத்தாள். செடியைவிட ஒரு விரல் அகலம், அவ்வளவுதான். மண் அதிகமானால் ஈரமும் அதிகம் தங்கும் என்றாள். தண்ணீர் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். அது மண்ணுக்குள் மறைந்ததும் தலையாட்டிக் கூடையில் வைத்தாள். பழுது பார்க்கப் போன வீடுகளில் நாமும் இப்படித்தான் தலையாட்டுவோம் என்று பிளம்பருக்குத் தோன்றியது. இவளுக்கு இவ்வளவு தெரியும் என்பதே தெரியாமல் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியிருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மண்தொட்டிக்கு மாற்றியதும் மற்ற பதினொன்றும் பிழைத்துக்கொண்டன. பன்னிரண்டாவதற்குக் கடையில் ஒரு செடி வாங்கி நட்டுவிடலாம் என்று அவர் சொன்னதற்கு அவள் மசியவில்லை. காயவைத்த இலையை மண்மேல் படுக்க வைத்து அதையும் எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை டாக்டரம்மா ஜன்னலோரமாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசித் தொட்டியிடம் நின்றுவிட்டார். மண்மேல் ஒற்றை இலை. மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

பிளம்பர் முந்திக்கொண்டார். "என் தப்புங்க டாக்டர். ஓட்டையெல்லாம் நான்தான் அடைச்சுட்டேன். அதுல ஒண்ணு போயிடுச்சு."

"ஓட்டையப் பாத்தா அடைக்காம என்னாலயும் இருக்க முடியாதுங்க" என்று டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு குனிந்து இலையைப் பார்த்தார். "இது செடியாகுமா?"

"ஆகும். நாளாகும்" என்றாள் மனைவி.

"அப்போ இத என் மேஜையில வைங்க. எப்போ தண்ணி விடணும்?"

"நான் சொல்றவரைக்கும் விடாதீங்க. வாரம் ஒருக்கா நானே வந்து பாக்கறேன்."

டாக்டரம்மா சரியென்று தலையாட்டி, மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் பல்வரிசையை ஓரமாகத் தள்ளி இடம் பண்ணினார். அவள் தொட்டியை அங்கே வைத்து, இலை வெளிச்சத்தைப் பார்க்கும்படி லேசாகத் திருப்பினாள்.