நாத்தனாரோடு ஊர் பார்த்தது

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஊர் பார்க்கக் கிளம்பியதே நாலு படித்த மனிதர்களோடு பழகத்தான். வீட்டுக்காரர் மூட்டுவலி என்று லாட்ஜிலேயே இழுத்துப் போர்த்திக்கொண்டார். தனக்குப் பதிலாகத் தன் தங்கையைக் கூட அனுப்பிவைத்தார். அந்தத் தங்கை முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவள். குடும்பத்தில் அவளுக்குப் பெயரே விசில்தான்.

தெற்கே கடலோரம் இருந்த அந்த நகரத்தை நடந்தே சுற்றிக்காட்ட ஒரு வழிகாட்டி வந்தார். கூட்டத்தில் பதினாலு பேர். மணிக்கூண்டுக்குப் போவதற்குள் தலைமையாசிரியை ஒரு பேராசிரியை அம்மாளின் குடைக்குள் ஒட்டிக்கொண்டார். பழைய கட்டடங்களைப் பற்றி இருவரும் மாறி மாறி அளந்தார்கள். இவர் அளந்ததில் பாதி அன்று காலையில் படித்தது.

விசிலுக்குப் பென்ஷன் வந்ததே தவிர பழக்கம் போகவில்லை. ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் தலைகளை எண்ணினாள். அருங்காட்சியக வாசலில் ஜனம் தேங்கியதும், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியாத்தானே இருக்கு, வாசல்லயே நின்னா எப்படி" என்று குரல் கொடுத்தாள். முன்பின் தெரியாதவர்கள்கூட மறுபேச்சில்லாமல் நகர்ந்தார்கள் என்பது வேறு விஷயம். தலைமையாசிரியைக்கு மானம் கப்பலேறிவிட்டது.

பேராசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அந்தம்மா உங்க கூட வந்தவங்களா?" என்று கேட்டார்.

"சேச்சே, யாருன்னே தெரியாது. லாட்ஜ்ல பாத்தேன், அவ்வளவுதான்."

வாய் தவறி வந்த பேச்சல்ல. யோசித்து, உச்சரிப்பு சுத்தமாகச் சொன்னது. திரும்பினால் இரண்டடி பின்னால் விசில், இவருக்கென்று வாங்கிவந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகியபடி நின்றாள். மூடியை மறுபடி இறுக்கிப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டாள்.

இத்தனைக்கும் உலகத்தில் இந்தத் தலைமையாசிரியையைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஒரே ஜீவன் அவள்தான். "எங்கண்ணி ஹெட்மாஸ்டராக்கும்" என்கிற சேதியைத் தன் பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறாள். பெற்ற பிள்ளைகள்கூட அப்படிச் சொன்னதில்லை. அதெல்லாம் அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்து தொலைத்தது. உடனே மன்னிப்புக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் பேராசிரியை பக்கத்திலேயே நின்றாரே.

சந்தைக்குள் நுழைந்ததும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒரு துணிக்கடைக்குள் புகுந்தார். நல்ல சால்வையாக ஒன்று வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று எண்ணம். நிறம் முடிவாவதற்குள் அரை மணி ஓடிவிட்டது. சால்வையோடு வெளியே வந்தால் கூட்டத்தைக் காணோம். சந்து சந்தாக அலைந்தார்.

சந்தையின் கடைசி வாசலில் எல்லோரும் வெயிலில் கடுகடுவென்று நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியாகக் கடலைச் சுற்றிக்காட்டும் படகுக்கு நேரமாகிறது என்று வழிகாட்டி கெஞ்சினார். விசில் நடுவழியில் கையை விரித்து மறித்து நின்றாள்.

"பதிமூணு பேர்தான் இருக்கோம் சார். ஏறுன ஆள நடுவழியில விட்டுட்டு நான் விசில் கொடுத்ததே இல்ல."

"உங்க சொந்தக்காரங்களா?" என்றார் வழிகாட்டி.

அவள் சந்துப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு மறுபடி தலைகளை எண்ணினாள். தலைமையாசிரியை மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் ஒரு தரம் எண்ணிப் பார்த்து, "சரியா இருக்கு, போலாம்" என்றாள். பிறகு இவர் பக்கம் திரும்பி, "பாத்து வாங்க மேடம், கல்லு தடுக்கும்" என்றாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இவரை அண்ணி என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. செருப்பால் அடித்திருந்தாலும் தேவலை என்றிருந்தது தலைமையாசிரியைக்கு.

"இவ என் நாத்தனார்" என்றார், அத்தனை பேருக்கும் கேட்கும்படி, வகுப்பறைக் குரலில். "என் வீட்டுக்காரரோட கூடப்பொறந்த தங்கச்சி. தெரியாதுன்னு நான்தான் பொய் சொன்னேன்."

பேராசிரியை சட்டென்று வேறு பக்கம் பார்த்தார். மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. விசிலின் முகத்தில் கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை, அதுவும் இல்லை.

"அதுக்கென்ன மேடம்" என்றாள். "வாங்க, படகுக்கு நேரமாச்சு."