ஆறும் காலி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, அக்காவிடமிருந்து பிடுங்கியது. அவள் வங்கி வாசலில் ரிவால்வரோடு நிற்கும் காவலாளி. பத்தொன்பது வருடமாக நிற்கிறாள், முழங்கால் இரண்டும் போய்விட்டன. துப்பாக்கிப் பயிற்றுநர் தேர்வில் தேறினால் பயிற்சிப் பள்ளியில் வேலை. அங்கே பயிற்றுநருக்கு நாற்காலி உண்டு. அக்காவுக்கு வேண்டியது அந்த நாற்காலிதான். வயது வரம்பு நெருங்கிவிட்டதால் இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

கதையை ஆறு பகுதிகளாகப் பிரித்திருக்கிறேன். பயப்படாதீர்கள், எல்லாம் சின்னச் சின்னதுதான்.

2

முதல் தொடக்கம்: 'மேசைமேல் கிடந்த ரிவால்வர், மரணத்தின் கறுத்த...'

அடித்துவிட்டேன். பின்னால் நின்று படித்த அக்கா, "மரணமாவது மண்ணாங்கட்டியாவது. துருப்பிடிச்ச சாமான்டா அது," என்றாள்.

இரண்டாம் தொடக்கம்: 'திடீரென்று ஒரு வெடிச்சத்தம்...'

"வெடிச்சா நான் ஃபெயிலுடா. என் கதையில எதுவும் வெடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

ரிவால்வர் வந்தும் வெடிக்காத கதையை எவன் படிப்பான்? (நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். மன்னிக்கவும், நன்றி.)

3

ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். தேர்வறையில் ஒரு மேசை, அதன்மேல் நான்கு பழைய ரிவால்வர்கள். எதிரே தேர்வாளர். எதையும் கண்ணருகே வைத்துப் பார்ப்பார் என்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். (அவருக்கு முறுக்கு மீசை வைத்து எழுதியிருந்தேன். "பாவம்டா, அந்த மனுஷனுக்கு மீசையே கிடையாது," என்றாள் அக்கா. மழித்துவிட்டேன்.)

ஒவ்வொன்றாக எடுத்து, சிலிண்டரைத் திறந்து, குண்டு இல்லை என்று பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறகு எது ஆடுகிறது, எது தேய்ந்திருக்கிறது என்று சோதித்து, சுடலாம் என்றால் பச்சைச் சீட்டு, கூடாது என்றால் சிவப்புச் சீட்டு கட்ட வேண்டும்.

வங்கியில் தினமும் காலையில் அக்கா தன் ஆறு குண்டு ரிவால்வரைத் திறந்து, "ஆறும் காலி" என்று சொல்லிவிட்டுத்தான் குண்டு போடுவாள். பத்தொன்பது வருடப் பழக்கம். தேர்வறையிலும் முதலாவதைத் திறந்தாள். "ஆறும் காலி." இரண்டாவது. "ஆறும் காலி." மூன்றாவது. "ஆறும் காலி."

பூதக்கண்ணாடி நிமிர்ந்தார். "ஆறாவது எங்கம்மா?"

அக்கா அப்போதுதான் குனிந்து பார்த்தாள். அந்தப் பழைய சாமானில் குண்டு போட ஐந்தே அறைகள்தான் இருந்தன.

4

இந்த இடத்தில் அக்காவை இரண்டு பக்கத்துக்கு அழ வைத்திருந்தேன்.

"நான் எப்படா அழுதேன்?"

"கதைக்கு வேணும்க்கா."

"வேணும்னா நீ அழு."

அவள் செய்தது வேறு. மூன்றையும் திரும்ப வரிசையாக வைத்தாள். "சார், வாய் சொல்லிடுச்சு, கண்ணு பாக்கல. முதல்லேருந்து பாக்குறேன்," என்றாள். ஒவ்வோர் அறையாகச் சுண்டுவிரலை வைத்து எண்ணினாள். ஆறு, ஆறு, ஐந்து, ஆறு. எல்லாம் காலி. பிறகு அந்த ஐந்தறைச் சாமானை எடுத்து, குண்டை அடிக்கும் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, கட்டைவிரலால் லேசாக முன்னே தள்ளினாள். விசையைத் தொடவேயில்லை. டக்கென்று விழுந்தது. உள்ளே குண்டு இருந்திருந்தால், யாரும் சுடாமலே சுட்டிருக்கும்.

சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டு, "இதை இனிமே யார் கையிலயும் குடுத்துடாதீங்க சார்," என்று அவருக்கே புத்தி சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவர் ஏதோ எழுதினாராம். நீளமாக எழுதினாராம். என்ன எழுதினாரோ, யார் கண்டது.

5

இன்று காலை முடிவு வந்துவிட்டது, ஒட்டிய உறையில். அக்கா பிரிக்கவில்லை. "நீ முடிவ எழுதிடு, அப்புறம் பிரிக்கலாம்," என்கிறாள். பயம். ஒப்புக்கொள்ள மாட்டாள்.

முடிவு ஒன்று: தேறிவிட்டாள். முடிவு இரண்டு: மூன்று முறை பார்க்காமல் சொன்னவளை எப்படித் தேற வைப்பது என்று பூதக்கண்ணாடி... இல்லை, இதை எழுத எனக்குக் கை வரவில்லை. முதலாவதை எழுதினால், உறை என்னைப் பொய்யனாக்கிவிடலாம்.

அக்கா தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"ஆறு பகுதின்னு எழுதியிருக்க. ஆறாவது எங்கடா?"

எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான். என் மானம் கப்பலேறியது.

"நீயும் பாக்காமத்தான் சொன்னியா?" என்றாள். தேர்வுக்குப் பிறகு அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

அதனால் ஆறாவது பகுதியை உங்களிடம் விடுகிறேன். உறையையும்தான். என் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. உட்காரச் சொன்னால், "முடிவு தெரியட்டும்," என்கிறாள். கொஞ்சம் சீக்கிரம் பிரித்துப் படியுங்கள். அக்கா நின்றுகொண்டிருக்கிறாள்.