சத்தம் நின்றால் திரும்புங்கள்

1

கண்ணுகளா, ஒரு டீக்கடை ரேடியோ பாட்டின் பாதியில் ஊமையானபோது கிடைத்த கதை இது. "சூரியன்ல ஏதோ வெடிச்சிருக்காம்" என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். இந்நேரம் கடலில் ரேடியோவை நம்பி ஒருவன் இருந்தால் என்ன ஆவான் என்று எனக்குத் தோன்றியது. அந்த ஒருவனை இனிதான் உண்டாக்க வேண்டும்.

'1958, கார்த்திகை. மண்டபத்தில் அன்று காலை சூரியன் பொன்னாக—'

வேண்டாம். பொன் என்றால் என் கதாநாயகர் கபீருக்குக் கோபம் வரும்; சூரியனை உள்ளது உள்ளபடி வரைகிறவர்.

2

அகமது கபீர், மண்டபத்துக் கொட்டகை ஒன்றில் தொலைநோக்கி வைத்துத் தினமும் சூரியனை வரைகிற உத்தியோகஸ்தர். (கொட்டகை என் கற்பனை. சூரியன் நிஜம்.)

சூரியனின் விளிம்பில் தீநாக்கு ஒன்று நாள்கணக்கில் அசையாமல் நிற்கும். சூரியன் சுழன்று அதை நம் பக்கம் திருப்பினால் கரிய இழையாகத் தெரியும். இழை தடித்து, நெளிந்து, எழும்பினால் அறுந்து வெடிக்கலாம். வெடித்தால் ஓரிரு நாளில் ரேடியோ முடங்கலாம். எல்லாமே 'லாம்'தான். அதை வைத்துத்தான் கபீர் கடலுக்குப் போகும் ஆட்களைத் தடுக்க வேண்டும்.

போன தடவை தடுத்தார். இழை சமர்த்தாக அடங்கிவிட்டது.

3

இன்று இழை மறுபடி நெளிகிறது. கபீர் துறைக்கு ஓடுகிறார். லாஞ்சி என்கிற மோட்டார் படகை ஓட்டும் சந்தியாகு, நான்கு ஆட்களோடு தென்கடலுக்குப் புறப்படுகிறார். வாடைக்காலத்தில் தென்கடல் சாது, பயமெல்லாம் புயலுக்குத்தான். அதற்கொரு ஏற்பாடு உண்டு: புயல் வந்தால் கரையிலிருந்து ரேடியோவில் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் பயமில்லை.

"வாங்க, சூரியன் சோசியரே! இன்னைக்கு யாருக்குக் கெரகம்?"

"அண்ணே, ரெண்டு நாளு தள்ளிப் போங்களேன்."

"போன வாட்டியும் இதத்தான் சொன்னிய. நாங்க இங்கன குந்தி ஈ ஓட்டுனோம். பாம்பங்காரன் வலை கிழிய வாரிட்டுப் போனான். புயல்னா பொட்டி கத்தும்ல? கத்தலன்னா நல்ல சேதிதானே!"

"அண்ணே, பொட்டி கத்தாமலே போயிரும்னுதான் சொல்றேன். எப்பவும் ஒரு கரகரப்பு, ஒரு பேச்சு இருக்கும்ல? அது அத்துப்போனா உடனே திரும்பிருங்க. சத்தம் நின்னா திரும்புங்க!"

"நல்லாருக்கு! கத்துனாலும் திரும்பணும், கத்தாட்டியும் திரும்பணும். அப்ப மீனு உங்க வாப்பாவா புடிப்பாரு?"

ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்ஜின் உறுமியது. சந்தியாகு கையைத் தூக்கினார்.

(இந்த வரியை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். 'சரி' என்று தூக்கினாரா, 'போய்யா' என்று தூக்கினாரா? எனக்கே பிடிபடவில்லை.)

4

கபீர் கொட்டகைக்குத் திரும்பியபோது இழை இருந்த இடம் வெறுமையாக இருந்தது. வெடித்துவிட்டது. இந்த முறை அவர் கணிப்பு சரி. இதற்காக மனிதன் சந்தோஷப்பட முடியுமா?

மறுநாள் புயல் சேதி தந்தியில் வந்தது. கரையில் ரேடியோக்காரர் தொண்டை வறளக் கூப்பிட்டார். பதிலில்லை.

முடிவு ஒன்று: சந்தியாகு திரும்பினார். எழுதினேன், கபீரைத் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். பொய்யாகப் பட்டது. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: சந்தியாகு திரும்ப—

முடியவில்லை, கண்ணுகளா. ஐந்து பேருக்கும் பிள்ளைகுட்டிகள் வரை யோசித்து வைத்துவிட்டேன்.

அதனால் இங்கே நானும் பேச்சை நிறுத்துகிறேன். நீங்கள் லாஞ்சியில் ஏறிக்கொள்ளுங்கள். கடல் குளம்போல் கிடக்கிறது. வலையில் மீன் துள்ளுகிறது. பெட்டியில் சற்று முன்புவரை இருந்த கரகரப்பு இப்போது இல்லை.

சுக்கான் உங்கள் கையில்.