ஷெட்டுக்குள்ளால் ஒரு பாதை

உகண்டாவின் தலைநகர் கம்பாலாவில் தெருக்கள் ஒன்றோடொன்று சேராமல் நகரம் ஏன் வெளிப்புறமாக ஊதிக்கொண்டே போகிறது என்று அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. கனடாவில், அஜின்கோர்ட்டில், என் வீட்டு வளவின் மூலையில் உள்ள ஷெட்டுக்குள் இருந்தே எழுதுகிறேன். 'நடைபாதைகளை மறிக்காதீர்கள்' என்று மட்டும் பதினாறு இடத்தில் எழுதியிருக்கிறேன். அவ்வளவு பெரிய மனிதன் நான்.

அந்த ஷெட் நிற்கும் நிலம் முன்பு ஒரு ஒழுங்கை, ஆட்கள் நடந்துபோகும் சந்து. பின்னால் பிரதான வீதியோரம் உயர்ந்த மதில். அதில் இருந்த ஒரே இடைவெளி அந்த ஒழுங்கைதான். எங்கள் தெருவிலிருந்து பஸ் தரிப்புக்கு இரண்டு நிமிட நடை. குப்பை போடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, ஒழுங்கையை மூடுவித்து, நிலத்தையும் நகரசபையிடம் வாங்கி ஷெட்டைக் கட்டியவன் அடியேன்தான். அப்போது எங்களிடம் இரண்டு கார் இருந்தது.

இந்த வருடம் கண் பார்வை மங்கும் வருத்தத்தால் மனைவி ஜெயமலரின் கார் ஓட்டும் லைசென்ஸ் போய்விட்டது. வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவேன் என்று அழுதவளுக்கு, ஐந்து தரிப்பு தள்ளி ஒரு பல் வைத்தியரிடம் வேலை கிடைத்தது. திங்கள் தொடங்க வேண்டும். ஞாயிறு காலை, பனிக்குள் தெருவைச் சுற்றித் தரிப்புவரை நடந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"முப்பது நிமிசம். ரெண்டு தரம் சறுக்கினனான். உந்த வேலை வேண்டாமெண்டு சொல்லப்போறன்."

"நான் கொண்டுபோய் விடுறன்."

"எத்தினை நாளைக்கு? உங்கடை ஷெட்டைச் சுத்தித்தானே நான் நடக்கிறன்!"

எழுந்து பக்கத்து வீட்டு வின்சன்ற்றிடம் போனேன். அன்று பின்னேரமே அவர் மரம் அறுக்கும் வாளோடு வந்து, மதிலின் இடைவெளியை அடைத்து நின்ற ஷெட்டின் பின்சுவரில் கதவொன்று வெட்டித் தந்தார். ஒழுங்கையை மூடக் கையெழுத்துக்காக அன்று நான் முதலில் போனதும் அவரிடம்தான்.

"உந்தக் கதவை அப்பவே யோசிச்சிருக்கலாம், அண்ணை" என்று சிரித்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

திங்கள் காலை கம்பாலாவுடன் வீடியோக் கூட்டம். பாதைகளை மறித்துக் கட்டுகிறவர்களைப் பற்றி நான் சூடாகப் பேசிக்கொண்டிருக்க, ஜெயமலர் சாப்பாட்டுப் பையோடு என் முதுகுக்குப் பின்னால் புதுக் கதவால் போனாள். அவளுக்குப் பின்னால் வின்சன்ற். பிறகு எதிர்வீட்டு ஸ்டெபனி, "ஸொறி அங்கிள், பஸ் வந்திட்டுது" என்றபடி ஓடினாள்.

கம்பாலாவின் பெண் எஞ்சினியர் பேனாவைக் கீழே வைத்தார். "இவர்கள் எல்லோரும் எங்கே போகிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பஸ்ஸுக்கு" என்றேன். "இது ஊர்ப் பாதை. மறித்துக் கட்டியவன் நான்."