கூடுதலாக ஒரு சுற்று

எங்கள் நிமலினி அவ்வளவு வேகமாக ஓடினாள்; அதனால்தான் கடைசியாக வந்தாள்.

இதைச் சொன்னால் பட்டணத்து ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். விளையாட்டு ஆசிரியராக இருந்து இளைப்பாறிய பிறகு, எழுவைதீவுப் பெண்பிள்ளைகள் நால்வரை மூன்று வருடம் ஓடப் பழக்கியவன் நான். எங்கள் தீவில் நேராக ஓட இடமில்லை. கொஞ்சம் உசாராக ஓடினால் கடலுக்குள் போய்விடவேண்டியதுதான். ஆகவே என் பிள்ளைகள் ஓடப் பழகுமுன் திரும்பப் பழகினார்கள். சோளகக் காற்றை எதிர்த்து மணலில் ஓடவிட்டேன். முதல் வருடம் துஷாந்தி முன்னோக்கி ஓடி, புறப்பட்ட இடத்துக்குப் பின்னால் போய் நின்றாள். சத்தியமாக. இரண்டாம் வருடம் காற்று அவர்களைக் கண்டு ஒதுங்கிப் போனது. மூன்றாம் வருடம், கரையில் மீன் காயவைக்கிற பெண்கள், "பிள்ளை நிமலினி, இந்தப் பக்கமும் ஒருக்கா ஓடணை, கருவாடு கெதியாக் காயும்" என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

அந்த வருடம்தான் பட்டணத்தில் அந்தப் போட்டி. முதலாவதாக வருகிறவளுக்கு மட்டுமே மாகாணப் போட்டியில் இடம். மார்கழியோடு நிமலினிக்கு வயதெல்லை தாண்டுகிறது. இதை விட்டால் அவளுக்கு மாகாணம் இல்லை.

ஐயாயிரம் மீற்றர். மைதானத்தைப் பன்னிரண்டரைச் சுற்று ஓடவேண்டும். யார் எத்தனை சுற்று முடித்தார் என்று எண்ணுவதற்கு ஆட்களை நியமித்திருந்தார்கள். நிமலினிக்கு வாய்த்தவர் சிவபாதம்; பட்டணத்துக்காரர், என்னைப் போல இளைப்பாறியவர், என் பழைய கூட்டாளி.

காற்றில்லாத மைதானத்தில் என் பிள்ளைகளை யார் பிடிப்பது? துஷாந்தி ஆறாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் பின்னால் போனவள்! நிமலினியோ தொடக்கத்திலேயே எல்லோருக்கும் முன்னால் போய்த் தனியாகிவிட்டாள். பிறகு ஒவ்வொருவராகப் பின்னாலிருந்து வந்து பிடித்தாள். முடிகிற நேரத்தில், இரண்டாவதாக ஓடிய பட்டணத்துச் சிவானியையும் முந்தினாள். அதாவது எல்லோரையும் விட முழுதாக ஒரு சுற்று முன்னால். தன்னை முந்தியது யாரென்று பார்க்கச் சிவானிக்கு மூச்சு இருக்கவில்லை. நிமலினி கோட்டைத் தாண்டிப் புல்லில் குந்தினாள். நான் தொப்பியை மேலே எறிந்தேன். அது இன்னும் கீழே வரவில்லை.

"பிள்ளை, எழும்பி ஓடும்! இன்னும் ஒரு சுத்து இருக்கு," என்றார் சிவபாதம்.

"முடிஞ்சுது சேர். நான் எண்ணிக்கொண்டுதான் ஓடினனான்."

"நீர் எண்ணினீரோ? அப்ப நான் இஞ்சை தோசையே சுட்டுக்கொண்டு நிக்கிறன்?"

நான் பாய்ந்து போனேன். "சிவபாதம், அவள் முன்னுக்கு நிக்கிறாள் ஐசே! எல்லாரையும் ஒரு சுத்து விட்டிட்டு வந்து நிக்கிறாள்!"

"இன்னாசித்தம்பி மாஸ்டர், உம்மட புழுகை எழுவைதீவிலை வைச்சுக்கொள்ளும். தீவுப் பிள்ளை பட்டணத்துப் பிள்ளையளை ஒரு சுத்து விடுறதோ? பின்னுக்கு இழுபட்டுக்கொண்டு வந்த பிள்ளை இது."

என் ஆயுளில் உண்மையைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது அந்த ஒரு தடவைதான். மற்ற யாரும் அவளுடைய சுற்றை எண்ணவில்லை. அவர் சொல்தான் சொல். நாங்கள் கத்திக்கொண்டு நிற்கும்போதே சிவானி முடித்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக முடித்தார்கள்.

"ஓடாட்டி இடையிலை விட்டவள் எண்டுதான் எழுதுவினம்," என்றார் சிவபாதம்.

நிமலினி என்னைப் பார்த்தாள். பிறகு எழும்பிப் போனாள். காலியான மைதானத்தில், ஏற்கெனவே வென்றுவிட்ட ஓட்டத்தைத் தனியாக இன்னொரு சுற்று ஓடினாள். சனம் எழும்பி நின்று கைதட்டியது. என்ன இரக்கம், என்ன பெருந்தன்மை! ஒரு ரீச்சர் குளுக்கோசு கரைத்துக்கொண்டு வந்து, "கடைசியா வந்தாலும் விடாமல் ஓடினீர். கெட்டிக்காரி," என்று அவள் தலையைத் தடவினார். நிமலினி குடித்துவிட்டு, "தாங்ஸ் ரீச்சர்" என்றாள். அந்தக் கைதட்டலை நினைத்தால் எனக்கு இன்றும் வாய் கசக்கிறது.

திரும்பி வரும்போது வள்ளத்தில் நான் பேசவில்லை. சத்தம் குறைந்ததைக் கண்டு, இயந்திரம் நின்றுவிட்டதோ என்று வள்ளக்காரர் இரண்டு முறை குனிந்து பார்த்தார். மாகாணத்துக்குச் சிவானி போனாள்.

தை மாதம், பட்டணத்தில் கண் கிளினிக்குக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கதிரையில் சிவபாதம்.

"என்ன ஐசே, கண் காட்டவோ? கொஞ்சம் பிந்தி வந்திட்டீர்."

அவர் சிரிக்கவில்லை. "பகிடியை விடும் மாஸ்டர். இந்த முறையும் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவீர்தானே?"

"எந்தப் பிள்ளை? கடைசியா வந்ததோ?"

"ஓம்."

"வயசு முடிஞ்சுது. ஓட்டத்தையும் விட்டிட்டாள். இப்ப தகப்பன்ர வலையிலை நண்டு கழட்டிக்கொண்டிருக்கிறாள்."

"விட்டிட்டாளோ?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த வருசம் வந்து ஓடினா எல்லாம் சரியாப் போகும் எண்டு நினைச்சிருந்தனான்."

"என்ன சரியாப் போகும்?"

தாதி அவருடைய பெயரைக் கூப்பிட்டாள். அவர் எழும்பவில்லை.

"சிவானியை அவள் முந்தேக்கை நான் கண்டனான். வடிவாக் கண்டனான். எழுவைதீவுப் பிள்ளை அப்பிடி ஓட ஏலாது, எனக்குத்தான் எண்ணிக்கை பிழைச்சுப் போச்சு எண்டு, நானே ஒரு சுத்தைக் குறைச்சுப்போட்டன். எண்ணிக்கை பிழைக்கேல்லை, மாஸ்டர். அவள்தான் முதலாவது."