அடிபடாத வில்கா

ஸெனான் கூரெக் விற்கும் காரை யாராவது குறை சொன்னால் அன்றைக்கு அவன் மனைவிக்கு அடி விழும். ராதோம் ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியும். ஒட்டிலியாவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும், ஏனென்றால் அடி வாங்குகிற ஃபெலிட்ஸியா அவள் கூடப்பிறந்த தங்கை.

ஒட்டிலியாவின் பிழைப்பு பழைய கார்களைப் பார்த்துச் சொல்வது. வாங்க நினைப்பவர் கூலி பேசிக் கூட்டிப்போவார். அவள் கீழே படுத்து, மேலே ஏறி, தட்டி, மோந்து பார்த்து, வாங்கலாம் அல்லது வேண்டாம் என்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸெனானின் வண்டி ஒன்றை அவன் முகத்துக்கு நேரே வேண்டாம் என்றாள். அன்று தங்கைக்கு விலா எலும்பு இரண்டு போயிற்று. போன வசந்தத்தில் இன்னொரு வண்டிக்கு அதையே சொன்னாள், தங்கையின் காது சவ்வு கிழிந்தது. இரண்டு முறையும் ஃபெலிட்ஸியா போலீஸிடம் படியில் விழுந்ததாகச் சொன்னாள். அவர்கள் வீட்டில் படியே கிடையாது. போலீஸ்காரரும் ஒரு கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டு போனார்.

ஃபெலிட்ஸியாவின் கல்யாண விருந்திலேயே அவள் மாமியார்க்காரி வோட்கா கோப்பையைத் தூக்கிப் பிடித்து, "பொண்டாட்டிய அடிக்கலேன்னா அவ ஈரல் அழுகிப் போயிடும்" என்று அந்தப் பாழாய்ப்போன பழமொழியைச் சொன்னாள். மண்டபமே சிரித்தது. ஒட்டிலியாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை, அவளைக் கூலிக்கு அமர்த்திய இக்னாட்ஸி ரெம்பிஷ் பார்க்க வேண்டிய வண்டிகளில் மூன்றாவதின் விலாசத்தைப் படித்தபோது, அது ஸெனானின் இடம் என்று தெரிந்து, அவள் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். ரெம்பிஷ் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ். பின் சீட்டில் இரண்டு பிள்ளைகளோடு சுற்றும் அவளுக்கு ஒரு சின்ன கார் வேண்டும். அதுவும் வில்கா மாடல்தான் வேண்டும், வேறு எதையும் அவர் கண்ணெடுத்துப் பார்க்க மாட்டார்.

காலையில் முதலில் அவருடைய சொந்த வில்காவையே பார்த்தார்கள். முதல் தலைமுறை, வயது பத்தொன்பது. என்ஜின் தொட்டவுடன் பிடித்தது. கதவுக்குக் கீழே ஒட்டிலியா ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினாள், பிடி வரைக்கும் உள்ளே போனது.

"இது தகரம் இல்லைங்க, ஊறின ரொட்டி. பிள்ளைங்கள இதுல ஏத்தாதீங்க."

"என் பொண்டாட்டிகூட இவ்ளோ மோசமா என்னைப் பேசினதில்ல" என்றார் ரெம்பிஷ். உண்மையிலேயே அவர் முகம் வாடிவிட்டது.

அப்புறம் ஷோரூமில் புது வில்கா, மூன்றாம் தலைமுறை. அதில் அவள் குறை கண்டது ஒன்றுதான்: ஸ்டெப்னி கிடையாது, அதற்குப் பதில் டயர் ஓட்டையை அடைக்க ஒரு டப்பா பசை. உடம்பு கெட்டி, மோதினால் விரியும் காற்றுப் பை ஆறு, வெல்டு எல்லாம் சுத்தம். விலையைக் கேட்டதும் ரெம்பிஷ் டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்தார். "இந்த விலைக்கு டயர் வெடிச்சா முதலாளியே வந்து நக்கி ஒட்டணும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

மிஞ்சியது நடு வில்கா. இரண்டாம் தலைமுறைதான் அந்த வரிசையிலேயே தேறியது என்று தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். விலை தோதானது, ஏழு வயது, வெள்ளை நிறம். நிற்கும் இடம் மட்டும் ஸெனானின் முற்றம்.

"அங்க வண்டி மோசம்னா, நிறம் புடிக்கலன்னு மட்டும் சொல்லுவேன். நீங்க உடனே கிளம்பிடணும். காரணத்த ரோட்டுல சொல்றேன்" என்றாள்.

"நிறமா? பொம்பள சொன்னா நம்புவான். சரி."

கீல்ட்ஸே சாலையோரத்தில் கம்பி வேலி போட்ட முற்றம். உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே கேட்டு. ரெம்பிஷ் தன் கிழட்டு வில்காவைக் கேட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். ஆபீஸ் என்பது ஒரு பழைய இரும்புக் கொள்கலப் பெட்டி. அதிலிருந்து ஸெனான் கைகளை விரித்துக்கொண்டு வந்தான். சட்டை கசங்காத ஆள். முற்றத்துக்கு வருகிறவர்களிடம் தேனாகப் பேசுவான்.

"வாங்க மதினி. வண்டி பார்க்க வந்தீங்களா, இல்ல மூக்க நுழைக்க வந்தீங்களா?"

"கூலிக்கு வந்தேன்" என்றாள் ஒட்டிலியா.

பின்னாலேயே ஃபெலிட்ஸியா கண்ணாடித் தம்ளர்களில் காபி கொண்டுவந்தாள். ஜூலை வெயிலில் கழுத்தைச் சுற்றித் துணி. முகத்தில் பவுடர் அப்பியிருந்தது, தாடையோரம் அதையும் மீறி மஞ்சள் தெரிந்தது. அக்காவின் கையில் தம்ளரைக் கொடுக்கும்போது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒட்டிலியா வேலையை ஆரம்பித்தாள். என்ஜினை ஓடவிட்டாள், சத்தம் சுகமாக இருந்தது. பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டரை பானெட்டில் வைத்தாள், நூற்றுப் பத்து. முன் கதவில் நூற்றுப் பதினைந்து. கம்பெனிப் பெயின்ட் அவ்வளவுதான் இருக்கும். பின் கதவுக்கு மேலே, கூரையைத் தாங்கும் தூணில் வைத்தாள். அறுநூற்று நாற்பது. முன் கண்ணாடியின் மூலையில் பொறித்திருந்த வருஷம் ஒன்று, பின் கண்ணாடியில் இன்னொன்று. தரை விரிப்பைத் தூக்கினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததுபோல வண்டியின் குறுக்கே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பட்டை பட்டையாய், ஒட்டை மறைக்கப் பூசும் பட்டி மாவு. அதற்கு அடியில் வெல்டு.

நொறுங்கிய இரண்டு வில்காக்களை நடுவில் அறுத்து, ஒன்றின் தலையையும் மற்றதன் வாலையும் சேர்த்து ஒட்டியிருக்கிறான். ஊருக்குள் உருட்டலாம். வேகமாகப் போய் ஒரு பள்ளத்தில் விழுந்தாலோ, பிரேக்கை ஓங்கி மிதித்தாலோ இரண்டும் பிரிந்து போகும். பின் பாதியில் பிள்ளைகள் இருப்பார்கள்.

ஒட்டிலியா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். பேசி வைத்ததைத்தான் சொல்ல வாயெடுத்தாள்.

"நிறம் எனக்கு..."

"நிறத்துக்கு என்ன மதினி? வெள்ளை வெள்ளைதானே." ஸெனான் சிரித்துக்கொண்டே மனைவியின் பிடரியில் கையைப் போட்டான். பக்கத்தில் வேறு வண்டி பார்த்துக்கொண்டிருந்த தம்பதிக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினான். "அடிபடாதது. பெயின்ட் படாதது. இத என்கிட்ட வித்தப்போ பழைய சொந்தக்காரன், ஒரு ஜெர்மன்காரன், அழுதான். ஃபெலா, நீயே சொல்லு, நம்மகிட்ட இருக்கிறது எல்லாம் எப்படி?"

அவன் விரல்கள் துணிக்கு மேலே இறுகுவது ஒட்டிலியாவுக்குத் தெரிந்தது.

"அடிபடாதது" என்றாள் ஃபெலிட்ஸியா.

அந்த நாட்டு மொழியில் அடிபடாத காருக்கும் அடிபடாத மனிதருக்கும் ஒரே சொல்தான். விளம்பரத்தில், சந்தையில், பேரத்தில் நாளைக்கு நூறு முறை காதில் விழும் செத்த சொல், யாரும் யோசிப்பதில்லை. தங்கையின் வாயிலிருந்து அது வந்தபோது ஒட்டிலியாவுக்குள் ஏதோ அறுந்தது. பேசி வைத்தது, பொறுத்துக்கொண்டது, பயந்தது எல்லாம் பறந்துவிட்டது.

"எதச் சொல்றா அவ? வண்டியவா, தன்னையா?"

அவள் கையிலிருந்த மீட்டரை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்த வண்டிய ரெண்டா அறுத்து ஒட்டி மாவு பூசியிருக்க. அவளுக்கும் மாவுதான் பூசியிருக்க. ரெண்டு மேலயும் மீட்டர வச்சுப் பாரு, ஒரே நம்பர்தான் வரும்."

அந்தத் தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார்கள். ஸெனான் கத்தவில்லை. சிரிப்பைக்கூட மாற்றவில்லை. சொன்னதைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்ள முடியுமானால் ஒட்டிலியா அந்த நிமிஷமே போட்டிருப்பாள்.

"ஃபெலா, உள்ள வா. ஒரு பேப்பர் பார்க்கணும்."

ஆபீஸ் கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. முதல் சத்தம் மேஜை நகர்ந்த சத்தம். இரண்டாவது என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரும்புப் பெட்டி என்பதால் ஒவ்வொரு அடியும் வெளியே எதிரொலித்தது. ஃபெலிட்ஸியாவின் குரல் மட்டும் வரவில்லை, சத்தம் போடாமல் வாங்கப் பழகியிருந்தாள்.

ரெம்பிஷின் வண்டி டிக்கியிலிருந்து வீல் கழற்றும் கம்பியை எடுத்துக்கொண்டு ஒட்டிலியா ஓடினாள். ஜன்னலை உடைத்து, கையைக் கிழித்துக்கொண்டு தாழ்ப்பாளைத் தூக்கினாள். உள்ளே தங்கை அலமாரிக்கும் மேஜைக்கும் நடுவில் கிடந்தாள். அவன் அவள் முடியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தான். உதடு பிளந்து ரத்தம் மோவாயில் வழிந்தது. ஒட்டிலியா கம்பியால் அவன் தோளில் ஓங்கிப் போட்டாள். எலும்பு முறிந்தது கைக்கே தெரிந்தது. ஒரு துளிகூட வருத்தம் வரவில்லை.

அவன் திரும்பினான். நல்ல கையால் அவள் தொண்டையைப் பிடித்துத் தலையை அலமாரியில் மோதினான். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவதில் ஒரு பல் உடைந்து நாக்கில் உருண்டது.

"முதல் வண்டியக் குறை சொன்ன அன்னைக்கே உன்னப் புதைச்சிருக்கணும்டி" என்றான்.

அடுத்து அலறியது அவன்தான். ஃபெலிட்ஸியா காபிக்குக் கொதித்த கெட்டிலை அப்படியே அவன் கழுத்தில் கவிழ்த்திருந்தாள். ஒன்பது வருஷத்தில் அவள் அவனை எதிர்த்துக் கையைத் தூக்கியது அதுதான் முதல் முறை. காலிக் கெட்டிலைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், பிறகு ஓடினாள்.

முற்றத்தில் என்ஜின் ஓடிக்கொண்டு நின்றது ஒரே ஒரு வண்டிதான். ஒட்டிலியா தட்டுத்தடுமாறி வாசலுக்கு வருவதற்குள் வெள்ளை வில்கா கேட்டைத் தாண்டிச் சாலையில் ஏறிவிட்டது.

"ஃபெலா, அதுல போகாதே" என்று கத்தினாள். யாருக்குக் கேட்கும்?

ஸெனான் கழுத்தில் தோல் உரிந்து தொங்க, தன் பெரிய பிக்கப் வண்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். அவன் விரட்டினால் தங்கை வேகம் எடுப்பாள். வேகம் எடுத்தால் அவள் பிழைக்கவே மாட்டாள்.

"சாவி" என்று ரெம்பிஷிடம் கையை நீட்டினாள்.

"அம்மா, அது என்னோட..."

"சாவியக் குடுங்க."

கொடுத்துவிட்டார். அவள் கிழட்டு வில்காவை எடுத்து, கேட்டின் இரண்டு தூணுக்கும் நடுவில் குறுக்கே நிறுத்தினாள். சாவியைப் பிடுங்கி ஜன்னல் வழியே சாலையில் எறிந்தாள். இறங்கிவிட்டால் அவன் யோசிக்காமல் இடித்துத் தள்ளிக்கொண்டு போவான். உள்ளே ஆள் இருந்தால் ஒருவேளை தயங்குவான். அந்தக் கதவு எவ்வளவு தாங்கும் என்று அவளைவிடத் தெரிந்தவர் அங்கே இல்லை. ரத்தம் வழுக்கும் விரலால் தங்கையின் நம்பரை அழுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நிறுத்தச் சொல்லாதே. நின்னா திரும்பிடுவேன்."

"நிறுத்தச் சொல்லல. வேகம் எவ்வளவு?"

"தொண்ணூறு."

"கால எடு. பிரேக்க மிதிக்காதே, கால மட்டும் எடு. தானா நாற்பதுக்கு வரட்டும். பள்ளம் பார்த்துப் போ. எங்க போற?"

"போலீஸ் ஸ்டேஷனுக்கு. முகத்தக் கழுவாமப் போறேன். நாற்பதுல போனா அவன் புடிச்சிடுவான்கா."

"புடிக்க மாட்டான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

பிக்கப் ஹாரன் அடித்தது. ஒட்டிலியா திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி அடித்தது. ரெம்பிஷ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "உள்ள ஆள் இருக்கு, டேய், ஆள் இருக்கு" என்று கத்துவது கேட்டது. பிக்கப் பின்னால் போனது. அவனுக்கு மனசு வந்துவிட்டது என்று ஒரு கணம் நம்பினாள். அவன் ஓட்டம் எடுக்கத்தான் பின்னால் போயிருந்தான்.

கதவு அவள் மடிக்கு வந்தது. கண்ணாடி முகத்தில் பொழிந்தது. இடுப்பில் ஏதோ இடம் மாறி உட்கார்ந்தது, வலி அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தபோது வாயைத் திறந்தாள், மூச்சு இல்லை. அவன் பின்னால் போய் மறுபடி இடித்தான். துரு முழுவதும் சிவப்புப் புழுதியாக எழுந்தது. கிழட்டு வண்டி மடங்கி இரண்டு தூணுக்கும் நடுவில் ஆப்பாக இறுகிக்கொண்டது. பிக்கப்பின் மூக்கும் அதற்குள்ளேயே சிக்கியது, ரேடியேட்டர் வெடித்து ஆவி சீறியது. எங்கோ ரெம்பிஷ், அவள் ஆபீஸில் போட்டுவிட்டு வந்த கம்பியால் பிக்கப்பின் கண்ணாடியை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயதில் அந்த மனிதருக்கு அவ்வளவு கெட்ட வார்த்தை எங்கிருந்து வந்ததோ.

போன் அவள் காலடியில் கிடந்தது. காலை அசைக்க முடியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"அக்கா? அக்கா, அங்க என்ன சத்தம்?"

வாயில் ரத்தத்தை விழுங்கினாள். குரல் நடுங்காமல் வருவதற்காக இரண்டு மூச்சு காத்திருந்தாள்.

"கேட்டச் சாத்தினேன்" என்றாள். "நீ போ. நாற்பதுலயே போ."

போனில் அந்தப் பக்கம் என்ஜின் சீராக ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.