சங்கத்து வருடப் படம்

ஏழு நாள் பஸ் ஓடவில்லை. எண்பத்தேழு செப்டம்பர், இட ஒதுக்கீடு கேட்டு மறியல். மறியல்காரர்கள் வெட்டிச் சாய்த்த மரங்கள் சாலைகளில் கிடந்தன. சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஃபிலிம் பார்சலும் வரவில்லை.

ஏழாம் நாள்தான் எங்கள் ஊர் போட்டோகிராபர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அப்பா தலைவர். எங்கள் ஸ்டுடியோ மொட்டைமாடியில் கூடினார்கள். கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு நான் இருட்டறையில் டெவலப்பர் கலக்கிக்கொண்டிருந்த காலம் அது.

அந்தச் சங்கம் எனக்குப் பிடிக்கும். எல்லோரும் வெள்ளைச் சட்டையில் பச்சை ரிப்பன் குத்திக்கொள்வார்கள். ஆடியில் கல்வராயன் மலைக்குப் போய், ஏதாவது ஓர் ஊரில் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்து இலவசமாகப் படம் எடுப்பார்கள். சில வருடம் நானும் போயிருக்கிறேன். வழியெல்லாம் ஒரே பாட்டு, கிண்டல்.

புதிதாகச் சேர்கிறவர்தான் வருடப் படத்தை எடுக்க வேண்டும். அந்தப் படத்தின் காபி, அதாவது பிரதி, எல்லோர் கைக்கும் போனபிறகுதான் அவருக்கு ரிப்பன். அந்த வருடம் கருணாபுரம் செல்லமுத்து. அவன் அப்பா மூட்டை தூக்குகிறவர். உறுப்பினர் அல்லாதவரின் ரோலை எந்த ஸ்டுடியோவும் கழுவாது என்பதால் கல்யாண ஆர்டர் எதையும் அவனால் பிடிக்க முடியவில்லை.

கூட்டத்துக்கு முன்பே சண்டை. சங்கத்தின் பழைய ஆட்களான பழனிக்கும் வெங்கடேசனுக்கும். பழனி மறியலில் நின்றவர். வெங்கடேசன் நைனார்பாளையத்திலிருந்து, விழுந்த மரங்கள்மேல் சைக்கிளைத் தூக்கித் தூக்கிவைத்து வந்திருந்தார்.

"ஒரு புளியமரத்தயாவது வுட்டு வெச்சீங்களா?"

"உன் சைக்கிளு மேல வுழுந்துச்சா? புள்ளைங்க படிப்புக்கு நிக்கிறோம்யா."

"என் கல்யாண ஆர்டரு போச்சே, அத எவன் குடுப்பான்?"

"அப்ப உனக்குன்னு ஒரு சங்கம் வெச்சுக்க. நாங்க வேற வெச்சுக்கறோம்."

பாதிப்பேர் பழனி பக்கம் நகர்ந்தார்கள். செல்லமுத்து என்னைக் கூட்டிக்கொண்டு கீழே ஸ்டுடியோவுக்கு ஓடிவந்தான். "ரோல் ஒண்ணு குடுங்க, சீக்கிரம்."

அலமாரி காலி. கடைசி ரோலையும் முந்தின நாளே ஒரு சாவு வீட்டுக்குக் கொடுத்திருந்தோம். பின்னாலேயே வந்த அப்பாவிடம் சொன்னேன்.

"இன்னிக்கு சேந்து நிக்கலன்னா சங்கம் ரெண்டாயிடும்டா," என்றார் அப்பா செல்லமுத்துவிடம். "சும்மா ஃப்ளாஷ் அடி."

கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று நிற்கும்போது ரோல் இல்லாமல் ஃப்ளாஷ் மட்டும் அடிப்பது அவர்கள் எல்லோருக்கும் பழக்கம்தான்.

"காபி கேப்பாங்களேண்ணே. ரோல வீணாக்கிட்டான், இவன சேக்காதீங்கன்னுவாங்க."

"அத நான் பாத்துக்கறேன். போ."

செல்லமுத்து கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனான். "பழனிண்ணே, நடுவுல வாங்க. வெங்கடேசண்ணே, கொஞ்சம் ஒட்டி."

"இவன ஒட்டியா?"

"ஃபிரேம்ல கம்மியா தெரியறீங்க. தொப்பதான் ஜாஸ்தியா தெரியுது."

யாரோ சிரித்தார்கள். "எங்க கால மிதிக்கிறான் பாரு," என்றார் பழனி. "மரத்தயே தாண்டி வந்தவன், உன் கால தாண்ட மாட்டனா?" என்றார் வெங்கடேசன். வரிசை முழுக்கச் சிரிப்பு. செல்லமுத்து லீவரை இழுத்தான், ஃப்ளாஷ் அடித்தான். மறுபடி இழுத்தான், மறுபடி. பிறகு எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். புளிச்சோற்றில் வேர்க்கடலை குறைச்சல் என்று அவர்கள் இருவரும் சேர்ந்தே அப்பாவைத் திட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு காபி வாங்க எல்லோரும் வந்துவிட்டார்கள். பஸ் ஓடியது, ஃபிலிமும் வந்திருந்தது. செல்லமுத்து கதவோரம் நின்றான். அவன் சட்டையில் ரிப்பன் இல்லை. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"இன்னாடா, காபி எங்க?" என்றார் வெங்கடேசன்.

செல்லமுத்து வாயைத் திறப்பதற்குள் பழனி மேசைமேல் இருந்த ரிப்பனை எடுத்து அவன் சட்டையில் குத்தினார்.

"ஏம்ப்பா அவன நோண்டற? ரோல் இருந்தா லீவர இழுக்கறப்ப இந்தப் பக்கம் குமிழும் சுத்தணும், சுத்தலயே. உள்ள ரோல் இல்லன்னு நீயும் பாத்துக்கினுதான நின்ன. நாம எல்லாருமே பாத்துக்கினுதான நின்னோம்."